வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தவர்கள், வங்கி கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திரும்பப் பெறும் வழி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்தவர்களில் பலருக்கு, வீட்டுக் கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்துதான் வாழ்க்கையில் போட்ட முதல் பெரிய கையெழுத்து. அந்தக் கடன், சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பும் பணத்தாலோ, 55 வயதில் கைக்கு வரும் சேமநிதியாலோ, வீட்டை விற்பதாலோ தவணைக்கு முன்பே அடைந்துவிடும்போது, 'பாரம் இறங்கியது' என்ற நிம்மதியில், வங்கி நீட்டும் கடைசிக் கணக்குத் தாளை யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை. முப்பது ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து, பிறருடைய சம்பளப் பட்டியலான செக்ரோலைக் காசு பிசகாமல் கூட்டிய நானும் என் தாளைப் படிக்கவில்லை.

2016 ஜூன் மாதம் நான் கடனை முழுவதும் அடைத்தபோது, 'முன்கூட்டியே அடைத்ததற்கான தண்டம்' என்று 4,200 வெள்ளியை (ரிங்கிட்டை) வங்கி பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து, பழைய பத்திரங்களை பிஸ்கட் டின்னில் அடுக்கி வைக்கும்போதுதான், கடன் வழங்கல் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் இருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. லாக்-இன் காலம், அதாவது கடனை முழுவதும் அடைத்தால் தண்டம் கட்ட வேண்டிய காலம், ஐந்து ஆண்டுகள் என்றும், அது 'முதல் பண விடுவிப்பு நாளிலிருந்து' கணக்கிடப்படும் என்றும் அந்த வரி சொல்லியது. என் வீடு கட்டுமானத்தில் இருந்தபோது வாங்கியது; மேம்பாட்டாளருக்கு முதல் தொகை 2011 மார்ச்சிலும் கடைசித் தொகை 2012 நவம்பரிலும் போயின. வங்கியில் கணக்குப் போட்டவர் கடைசி விடுவிப்பிலிருந்து எண்ணியிருந்தார். கடிதத்தின்படி எண்ணினால், நான் பணம் கட்டுவதற்கு மூன்று மாதம் முன்பே லாக்-இன் முடிந்துவிட்டது. ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ஐந்தாம் வாரம் 4,200 வெள்ளியும் திரும்பி வந்தது. அன்று முதல் அக்கம்பக்கத்தார் தாள்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு முன்தாழ்வாரமான ஐந்தடிக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சொல்லி வந்ததையே, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

எதன் பேரில் கேட்கிறோம்

கடனை விட்டு வெளியேறும் நாளில் வங்கி கேட்கக்கூடியது, உள்ளே நுழைந்த நாளில் நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இருப்பதை மட்டுமே. இது நம் ஊரில் மட்டும் எழுந்த கேள்வி அன்று. பிரிட்டனில் கடன் வாங்கிய நாளில் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, அடைக்கும் நாளில் அதைவிடப் பெரிய 'வெளியேறு கட்டணம்' வாங்கிய வழக்கத்தைக் குறித்து, அந்நாட்டு நிதிச் சேவை ஆணையம் 2007 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒப்பந்தத்தில் இருந்த தொகைக்கு மேல் வாங்கினால் அந்த உயர்வுக்கு நியாயம் காட்ட வேண்டும் என்ற நிலை வந்தபிறகு, பலர் கூடுதலாகக் கட்டியதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த அறிக்கை இங்கே செல்லாது என்றாலும், நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றுக்கொண்டவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தம் சார்ந்த வழக்குக்கு 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டுகள் தருகிறது. ஆகவே மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் அடைத்த கடனையும் எடுத்துப் பார்க்கலாம்; ஆனால் ஆறாம் ஆண்டு நெருங்குகிறதென்றால் இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த கையோடு எழுதத் தொடங்குங்கள்.

தாள்களைச் சேர்த்தல்

நான்கு தாள்கள் வேண்டும். முதலாவது, மலாயில் 'சூராட் தாவாரான்' என்று சொல்லப்படும் கடன் வழங்கல் கடிதம். இரண்டாவது, வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்திட்ட கடன் ஒப்பந்தம். மூன்றாவது, கடனை அடைக்க எவ்வளவு என்று வங்கி எழுதித் தந்த 'பென்யாதா பெனெபூசான்', அதாவது கடன் மீட்பு அறிக்கை. நான்காவது, கடன் கணக்கின் கடைசி இரண்டு மூன்று ஆண்டு விவரப்பட்டியல். வீட்டை விற்றபோதோ வேறு வங்கிக்குக் கடனை மாற்றியபோதோ மூன்றாவது தாள் உங்கள் கைக்கு வந்திருக்காது. அது வழக்கறிஞரின் கோப்பில் இருக்கும். போய் ஒரு நகல் கேளுங்கள். 'அதெல்லாம் பழைய கதை அண்ணே, முடிந்துபோனது' என்று அலுவலகப் பெண் சொன்னால், சிரித்துக்கொண்டே இன்னொரு முறை கேளுங்கள், கோப்பு இருக்கும். கடிதமோ ஒப்பந்தமோ தொலைந்திருந்தால் வங்கிக் கிளையில் எழுத்து மூலமாக நகல் கேட்கலாம். நகலுக்குச் சிறு கட்டணம் வாங்கினால் கட்டிவிட்டு, அந்த ரசீதையும் கோப்பில் வையுங்கள்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தல்

வழங்கல் கடிதத்தை இடப்பக்கமும் மீட்பு அறிக்கையை வலப்பக்கமும் மேசையில் விரித்து, அறிக்கையின் ஒவ்வொரு வரியின் மேலும் அடிக்கோலை வைத்து, 'இந்தத் தொகைக்குக் கடிதத்தில் இடம் எங்கே' என்று தேடுங்கள். இடம் கிடைத்தால் அந்த உட்பிரிவின் எண்ணைப் பென்சிலில் குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். கிடைக்காத வரியின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான பிழைகள் திருட்டுத்தனமானவை அல்ல. கணினியில் ஒரு தேதியைத் தவறாகப் போட்டதாலோ, வேறு வகைக் கடனுக்கான விகிதத்தை எடுத்ததாலோ வருபவை. ஆனால் பிழை யாருடையதாக இருந்தாலும் பணம் உங்களுடையது.

முதலில் பார்க்க வேண்டியது லாக்-இன் தண்டம், ஏனெனில் பெரிய தொகை அங்கேதான் ஒளிந்திருக்கும். மலேசிய வீட்டுக் கடன்களில் லாக்-இன் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளாகவும், தண்டம் பொதுவாக 2 அல்லது 3 விழுக்காடாகவும் இருக்கும். அந்தக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதைப் பாருங்கள்: கடிதத் தேதியா, முதல் விடுவிப்பா, முழு விடுவிப்பா? கட்டி முடித்த வீட்டை வாங்கியவருக்கு இந்த நாள்களுக்குள் சில வாரங்களே வித்தியாசம் இருக்கும். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டை வாங்கியவருக்கு இரண்டு ஆண்டு வரை வித்தியாசம் வரலாம். அடுத்து, விழுக்காடு எதன் மேல் என்று பாருங்கள். 1,80,000 வெள்ளி கடன் வாங்கியவருக்கு 1,71,350 வெள்ளி நிலுவை இருக்கும்போது, முதலில் வாங்கிய தொகையின் மேல் 3 விழுக்காடு என்றால் 5,400 வெள்ளி. நிலுவையின் மேல் என்றால் 5,140 வெள்ளி 50 காசு. கடிதம் 'நிலுவை' என்று சொல்லி, அறிக்கை 5,400 கேட்டிருந்தால், 259 வெள்ளி 50 காசு உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். கடைசியாக, தண்டம் எந்தச் செயலுக்கு என்று பாருங்கள். சில கடிதங்களில், வேறு வங்கிக்குக் கடனை மாற்றினால் மட்டுமே தண்டம் என்றும், சொந்தப் பணத்தில் அடைத்தால் இல்லை என்றும் எழுதியிருப்பார்கள். இந்த வாக்கியம் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் கிடப்பதால், கிளையில் இருப்பவருக்கே நினைவில் இருப்பதில்லை.

அடுத்தது நாள் வட்டி. மீட்பு அறிக்கைக்கு ஒரு காலாவதி நாள் உண்டு. அந்த நாள் வரைக்குமான வட்டியைச் சேர்த்துத்தான் தொகை போடப்பட்டிருக்கும். நீங்கள் அதற்கு முன்பே கட்டியிருந்தால், இடைப்பட்ட நாள்களின் வட்டி உங்களுக்குரியது. கணக்கு எளிது: நிலுவையை ஆண்டு வட்டி விகிதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி வரும். நிலுவை 1,12,400 வெள்ளி, விகிதம் 4.2 விழுக்காடு என்றால் ஒரு நாளைக்கு 12 வெள்ளி 93 காசு. மாதம் 30ஆம் தேதி வரை போட்ட அறிக்கைக்கு 12ஆம் தேதி பணம் போய்ச் சேர்ந்திருந்தால் 18 நாள், ஏறக்குறைய 233 வெள்ளி. சேமநிதி வாரியத்திலிருந்து நேரே வங்கிக்குப் பணம் போகும்போது இந்தப் பிசகு அடிக்கடி வரும், ஏனெனில் பணம் எந்த நாளில் போகும் என்று தெரியாமல் அறிக்கையை நீண்ட காலத்துக்கு வாங்கி வைப்போம்.

சில ஒப்பந்தங்களில் கடனை முழுவதும் அடைக்கப்போவதை இத்தனை நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும், அறிவிக்காவிட்டால் அந்த நாள்களுக்கான வட்டியைக் கட்ட வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கும். நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ முன்னறிவிப்பு கொடுத்திருந்தும் அந்த வட்டி போடப்பட்டிருந்தால், முன்னறிவிப்புக் கடிதத்தில் வங்கி வைத்த முத்திரைத் தேதி ஒன்றே போதும்.

தாமதக் கட்டணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. வீட்டுக் கடனில் தவணை தவறினால் பொதுவாக ஆண்டுக்கு 1 விழுக்காடு, அதுவும் கட்டாமல் விட்ட தவணைத் தொகையின் மேல் மட்டுமே போடப்பட வேண்டும். 1,400 வெள்ளி மூன்று மாதம் பாக்கி நின்றால் தாமதக் கட்டணம் 3 வெள்ளி 50 காசு. முழு நிலுவையின் மேல் அதைக் கணக்கிட்டிருந்தால், மேலே சொன்ன 1,12,400 வெள்ளிக்கு அது 281 வெள்ளியாகிவிடும். 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எல்லோருக்கும் கிடைத்த ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பின்போது தவணை கட்டாததற்குத் தாமதக் கட்டணம் போடப்பட்டிருந்தால், அதையும் கேள்வி கேளுங்கள். ஆனால் அந்த மாதங்களில் ஓடிய சாதாரண வட்டி செல்லுபடியானது, அதைத் திரும்பக் கேட்க முடியாது.

இஸ்லாமிய முறையில் வீட்டு நிதி எடுத்தவர்கள் நம்மவர்களிலும் உண்டு. விற்பனை அடிப்படையிலான அந்த ஒப்பந்தத்தில் மொத்த விற்பனை விலை பெரியதாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். முன்கூட்டியே அடைத்தால் இன்னும் ஈட்டப்படாத இலாபத்தை 'இப்ரா' என்ற தள்ளுபடியாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கட்டளை. அறிக்கையில் அந்தத் தள்ளுபடி வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வங்கி பிடிக்காமலேயே நீங்கள் விட்டுவிடும் பணம்

கடனோடு சேர்த்து, கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் எம்.ஆர்.டி.ஏ. என்ற காப்புறுதியை எடுத்திருப்பீர்கள். பெரும்பாலும் அதன் மொத்தச் சந்தாவையும் முதல் நாளிலேயே கடனோடு சேர்த்திருப்பார்கள். முப்பது ஆண்டுக்கு எடுத்த காப்புறுதியின் கடன் பன்னிரண்டாம் ஆண்டில் அடைந்துவிட்டால், மிச்சக் காலத்துக்குரிய சரண்மதிப்பு என்று ஒரு தொகை பெரும்பாலும் கிடைக்கும். அதைக் காப்புறுதி நிறுவனத்திடம் நீங்களே எழுதிக் கேட்க வேண்டும். ஐந்தடியில் என்னோடு உட்கார்ந்து தாள் புரட்டியவர்களில் வங்கியிடமிருந்து ஒன்றும் தேறாமல், இந்தக் காப்புறுதியிலிருந்து நாலாயிரம் வெள்ளிக்கு மேல் வாங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள். காப்புறுதியைத் தொடரவும் வழியுண்டு என்பதால், நோய் உள்ளவர்கள் சரண் செய்யும் முன் ஒரு முறை யோசிக்க வேண்டும்.

சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணையை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்திடாவிட்டால், கடன் அடைந்த பிறகும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ பணம் போய்க்கொண்டிருக்கும். அதுவும் உங்கள் பணமே.

புகார்க் கடிதம்

முகப்பில் நின்று வாய்மொழியாகக் கேட்பதால் பயன் இல்லை. நம்மவர்களிடம் உள்ள ஒரு பழக்கம், தெரிந்த அதிகாரியைப் பிடித்துப் பேசிப் பார்ப்பது. அவர் நல்லவராகவே இருந்தாலும் அவருடைய கையில் அதிகாரம் இல்லை. ஒவ்வொரு வங்கியிலும் புகார்ப் பிரிவு ஒன்று தனியாக உண்டு, அதற்குத்தான் எழுத வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவது நல்லது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் தட்டச்சு செய்யச் சொல்லலாம். மேலே 'அடுவான் ரஸ்மி' (அதிகாரபூர்வப் புகார்) என்று தலைப்பிட்டு, உங்கள் பெயர், அடையாள அட்டை எண், கடன் கணக்கு எண், கடன் அடைந்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு சுற்றி வளைக்காமல் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: மீட்பு அறிக்கையின் இந்த வரியில் இவ்வளவு பிடிக்கப்பட்டது; வழங்கல் கடிதத்தின் இந்த உட்பிரிவின்படி வர வேண்டியது இவ்வளவு; வித்தியாசமான இவ்வளவு வெள்ளியை இந்தக் கணக்கில் போட வேண்டும், இல்லையெனில் எந்த உட்பிரிவின்படி பிடித்தீர்கள் என்று எழுத்தில் விளக்க வேண்டும். கோபமும் குடும்பக் கதையும் வேண்டாம். நான் எழுதிய முதல் வரைவில் 'ஏழைகளின் வயிற்றில் அடிக்காதீர்கள்' என்று ஒரு வரி இருந்தது. என் மகள் அதை அடித்துவிட்டாள், நல்லதாயிற்று.

இரண்டு தாள்களின் நகலையும், அந்தந்த வரியை மஞ்சள் பேனாவால் தீட்டி, கூடவே வையுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். கடிதத்தைக் கிளையில் கொடுத்தால் உங்கள் நகலின் மேல் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் வரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பேங்க் நெகாராவின் வழிகாட்டலின்படி, சாதாரணப் புகாருக்கு 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சிக்கலானது என்றால் 30 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம்.

வங்கி மறுத்தால்

மறுப்பு என்பது முடிவு அன்று. அது அடுத்த கதவைத் திறக்கும் சாவி. வங்கியின் இறுதி முடிவை எழுத்தில் வாங்கிய பிறகு, ஆறு மாதத்துக்குள் எஃப்.எம்.ஓ.எஸ். என்னும் நிதிச் சந்தைக் குறைதீர் அமைப்புக்குப் போகலாம். வங்கி 60 நாள் ஆகியும் பதிலே சொல்லாவிட்டாலும் போகலாம். முன்பு வங்கி, காப்புறுதிப் பிணக்குகளுக்கு ஓர் அமைப்பும் முதலீட்டுப் பிணக்குகளுக்கு வேறோர் அமைப்பும் இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் இரண்டும் ஒன்றாகி இந்தப் பெயரில் இயங்குகின்றன. 2,50,000 வெள்ளி வரையிலான பிணக்குகளை இது விசாரிக்கிறது. புகார் செய்பவருக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. முதலில் இரு தரப்பையும் பேசவைத்துப் பார்ப்பார்கள். அது முடியாவிட்டால் குறைதீர் அதிகாரி தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போக உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஏற்கெனவே நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டு இங்கே வர முடியாது.

ஒன்றை மனத்தில் வையுங்கள்: 'தண்டம் அதிகம், நியாயமில்லை' என்று வங்கியின் பொதுவான விலையைக் குறை சொன்னால் இந்த அமைப்பு எடுத்துக்கொள்ளாது. 'ஒப்பந்தத்தில் உள்ளதற்கு மாறாகப் பிடித்தார்கள்' என்றுதான் புகார் நிற்க வேண்டும்.

வங்கி உங்களை அலைக்கழிக்கிறது, பதில் தராமல் இழுக்கிறது என்றால், பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் முறையிடலாம். அரசு ஊழியர்களுக்கான வீட்டு நிதி வாரியமான எல்.பி.பி.எஸ்.ஏ.வில் கடன் எடுத்த ஆசிரியர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவர்கள் அந்த வாரியத்திடமே எழுதி, பிறகு பொதுப் புகார்ப் பிரிவுக்குப் போக வேண்டும். கூட்டுறவுச் சங்கக் கடன் என்றால் மலேசியக் கூட்டுறவு ஆணையம்.

'நான் வாங்கித் தருகிறேன், வருவதில் முப்பது விழுக்காடு கொடு' என்று கோப்பிக்கடையில் வந்து உட்காரும் ஆள்களுக்கு இங்கே வேலையே இல்லை. 'உங்கள் பணம் திரும்பி வருகிறது, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்' என்று தொலைபேசியில் யாராவது கேட்டால் அது மோசடிதான்; கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 997ஐ அழையுங்கள்.

பழைய கடன்களும் நிலப் பத்திரமும்

அடைத்துப் பல ஆண்டுகளான கடனில் மிச்சமான தொகை, வங்கியால் உங்களைத் தேடிப் பிடிக்க முடியாமல், கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போயிருக்கலாம். 1965ஆம் ஆண்டு கோரப்படாத பணச் சட்டத்தின்படி அப்படிப் போன பணத்தை, அரசாங்கத் தலைமைக் கணக்காளர் துறையின் இகூமிஸ் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேடலாம். தோட்டத்து முகவரியிலேயே கடன் வாங்கிவிட்டுத் தாமானுக்கு வந்தவர்கள் அவசியம் ஒரு முறை தேட வேண்டும், ஏனெனில் அவர்களுடைய கடிதங்கள் எல்லாம் இடிக்கப்பட்ட லயத்து எண்ணுக்குத்தான் போயிருக்கும்.

கடன் அடைந்ததும் நிலப் பத்திரத்தில் வங்கி போட்ட அடமானப் பதிவை 16-என் படிவத்தால் நீக்க வேண்டும். இந்த வேலைக்கு வழக்கறிஞர் கட்டணமும் பதிவுக் கட்டணமும் தனித்தனியாக வரும். அறிக்கையில் வங்கியும் 'அடமான நீக்கக் கட்டணம்' என்று எடுத்து, வழக்கறிஞரும் அதையே பில்லில் போட்டிருந்தால், ஒரே பதிவுக்கு இரண்டு முறை கட்டியிருக்கிறீர்களா என்று ரசீதைக் கேட்டுச் சரிபாருங்கள். பத்திரம் 'கெரான் முக்கிம்' என்றால் பதிவு மாவட்ட நில அலுவலகத்தில் நடக்கும். வெறும் 'கெரான்' என்றால் பேராக்காரர்கள் ஈப்போவில் உள்ள நிலப் பதிவகத்துக்குப் போக வேண்டும். அடமானம் நீங்கியதா என்பதை வங்கி சொன்னதை நம்பி விட்டுவிடாமல், அதே அலுவலகத்தில் 'தனியார் தேடல்' எனப்படும் பத்திரத் தேடல் விண்ணப்பம் போட்டு, தாளில் வங்கியின் பெயர் இல்லை என்பதை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகாரில் திருப்பித் தரச் சொல்லிக் குறிப்பிடும் கணக்கு, மூடப்பட்ட அந்தக் கடன் கணக்காக இருக்கக்கூடாது. என்னிடம் வந்த ஒருவருக்கு 259 வெள்ளி ஒப்புக்கொள்ளப்பட்டும், செயல்படாத கணக்குக்கு அனுப்பப்பட்டதால் மூன்று மாதம் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது பயன்படுத்தும் சேமிப்புக் கணக்கின் எண்ணை, புத்தகத்தின் முதல் பக்க நகலோடு, கடிதத்தின் கடைசி வரியிலேயே எழுதிவிடுங்கள்.